துபாயில் ஒரு பிரெஞ்சு மாப்பிள்ளை

துபாய்க்குப் போனேன் என்றால் எல்லோரும் அந்த உயரமான கட்டடத்தைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தேன். நான் போனது ஒரு மாப்பிள்ளையைப் பார்க்க. என் தங்கை வசந்தாவின் மகள் யாழினிக்கு வந்திருந்த வரன் அவர். காரைக்கால் பூர்வீகம், பிறந்தது பாரிஸ் பக்கத்தில், வேலை துபாயில். பெயர் ஜெரார் தணிகாசலம். பிரெஞ்சுக் குடியுரிமை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வரன் பேசும்போது, "பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கா?" என்று கேட்பார்கள். உலகத்தில் பிறந்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாட்டுக் குடியுரிமை இருக்கும் என்பது எங்கள் கல்யாணத் தரகர்களுக்குத் தெரியாது. நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு. அது இருந்தால் பையனுக்குச் சொட்டை இருக்கலாம், கோபம் இருக்கலாம், வேலைகூட இல்லாமல் இருக்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊருக்குத் துணி வாங்க வந்தார்கள். ஆங்கிலேயரிடம் ஊரைத் தோற்றார்கள், திரும்ப வாங்கினார்கள், மறுபடி தோற்றார்கள். கடைசியில் கப்பலேறியபோது போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியையும், தெருப்பலகையில் வாய்க்குள் நுழையாத பெயர்களையும், ஒரு விண்ணப்பத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிஸில் இருக்கிறார்கள். போடாதவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

என் அப்பா மேரியில் எழுத்தராக இருந்தார். மேரி என்பது எங்கள் ஊர் நகராட்சிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். எழுதத் தெரியாத பாதித் தெருவுக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். தனக்கு எழுதிக்கொள்ளவில்லை. நாட்டுப்பற்று என்று அவர் சொல்லிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்று சித்தப்பா சொன்னார். நான் மின்துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் அந்தக் கையெழுத்தை எடுத்துவிடுவார்கள். யாழினியின் கல்யாணத்தில் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று வசந்தா நம்பினாள். நானும்தான்.

யாழினி இயன்முறை மருத்துவர். முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன அறையில் முழங்கால் வலிக்காரர்களை நடக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். அவளும் பையனும் வாரம் இரண்டு முறை வீடியோவில் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தோம். என்ன சொல்கிறாய் என்று கேட்டால், மாமா நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் நான் சொல்கிறேன் என்றாள். அதனால்தான் இந்தப் பயணம்.

புறப்படும்போது வசந்தா ஒரே ஒரு கட்டளை போட்டாள். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக்கூடாது. தங்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பாலைவனத்துக்கு அனுப்புகிற ஆளிடம் இதைச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்கு வந்தது மாப்பிள்ளை அல்ல. அவருடன் வேலை பார்க்கும் குமரவேல். காரைக்கால் பக்கம் நிரவி. முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டைப்பெட்டி மூடி. ஜெராருக்கு அவசரக் கூட்டம் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் ஏதோ செத்துக்கிடக்கிறது என்று நினைத்தேன். மரியாதைக்குச் சொல்லாமல் மூக்கைத் தடவிக்கொண்டேன். குமரவேல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சீஸ் வண்டி சார். நாங்க பழகிட்டோம்" என்றார்.

வழி முழுக்கப் பிரெஞ்சுதான். ரொட்டிக்கடைப் பலகை பிரெஞ்சு, மருந்துக்கடையில் விற்கும் முகப்பூச்சு பிரெஞ்சு, வாசனைத் திரவிய விளம்பரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெண்ணும் பிரெஞ்சாகத்தான் இருக்கவேண்டும். எங்களை இருநூற்றுச் சொச்சம் வருஷம் ஆண்டவர்கள் இந்த ஊரை ஒருநாள்கூட ஆளவில்லை. ஆனால் இங்கே காலையில் எழுந்து பல் தேய்ப்பதிலிருந்து எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். புதுச்சேரியில் அவ்வளவு பீரங்கிகளை எதற்கு இறக்கினார்கள் என்று தெரியவில்லை. வெண்ணெயை இறக்கியிருந்தால் போதும்.

அல் குசைஸில் குமரவேலின் அறையில் எனக்கு இடம். ஒரே அறையில் நான்கு பேர், எல்லோரும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள். பெரம்பலூர்க்காரர் ஒருவர் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டுக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கீழே மெஸ்ஸில் சோறும் வாளைமீன் குழம்பும் கிடைத்தன. இது மாப்பிள்ளை வீடு அல்ல என்பதால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஜெபல் அலிக்குப் போனோம். துறைமுகத்தை ஒட்டி வரிசையாகக் குளிர்கிடங்குகள். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. உள்ளே நுழைவதற்கு முன் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டை மாட்டினார்கள். அப்படியே மாப்பிள்ளை முன்னால் போய் நின்றேன்.

ஜெரார் நல்ல உயரம், மாநிறம், நெற்றியில் கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. நான் பாரிஸ்காரர் பேசப்போகும் தமிழுக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் கைகூப்பினார்.

"வாங்கோ மாமா. பயணம் எப்பிடி? களைச்சுப் போனீங்களோ?"

நான் குமரவேலைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம், பிரெஞ்சு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள். பையன் தெருவில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடித் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் முந்நூறு வருஷம் உலகமெல்லாம் சுற்றி ஏற்படுத்திய விளைவுகளில் இதுவும் ஒன்று. காரைக்கால் பிள்ளை பாரிஸில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழ் பேசிக்கொண்டு துபாயில் சீஸ் பார்க்கிறார்.

கிடங்கில் அவர்கள் வேலை, பிரான்ஸிலிருந்து வரும் சீஸ், வெண்ணெய், தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றைச் சோதித்துக் கடைகளுக்கு அனுப்புவது. ஐரோப்பாவின் மலையிலிருந்து வந்த தண்ணீர் என்று பாட்டிலில் மலைப் படம் போட்டிருந்தது. அதை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ராமநாதபுரத்து ஆட்கள். சொந்த ஊரில் குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள், இங்கே மலைத்தண்ணீரைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள். ஒரு மேற்பார்வையாளர் "பாய், ஜல்தி" என்று இந்தியில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

குமரவேல் ஒரு சீஸ் பெட்டியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர் இரண்டாவதைத் தள்ளி வைத்தார்.

"மொதல்ல பாத்தது நல்ல அழுகல் சார். இது கெட்ட அழுகல்."

கருவி வைத்துப் பார்த்தபோதும் அதுதான் வந்தது. ஜெரார் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, இந்த மூக்கு பிரான்ஸிலேயே நாலு பேருக்குத்தான் இருக்கும் என்றார். மேசைகள் அடுத்தடுத்து. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. மோந்து பார்ப்பதும் கையெழுத்துப் போடுவதும் மாறி மாறி நடக்கும். ஜெரார் கூட்டத்துக்குப் போனதும் நான் குமரவேலிடம், சம்பளமும் ஒன்றுதானா என்று கேட்டேன். பெண் வீட்டுக்காரனுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைத்தேன்.

அவர் தயங்காமல் சொன்னார். இங்கே சம்பளம் ஆளுக்கு இல்லையாம், பாஸ்போர்ட்டுக்காம். ஜெரார் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஜெராருக்கு வீடும் வருஷா வருஷம் விமானச் சீட்டும் உண்டு. குமரவேலுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அவரை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே ஜெரார்தான் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். காரைக்காலில் இரண்டு பேருடைய தாத்தாக்களும் எதிரெதிர் வீடு. ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன், ஜிபூத்தி என்று சுற்றியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவர் கையெழுத்துப் போட்டார். குமரவேலின் தாத்தா விவசாயி. போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அன்னிக்கு மாடு வாங்கப் போயிருந்தாராம் சார்."

"ஆறு மாசமுமா மாடு வாங்கினாரு?"

"எங்க அப்பாவும் அதத்தான் கேட்டாராம்."

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சியைப் படித்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. ராஜாவின் தலையை வெட்டி அவர்கள் கண்டுபிடித்த அந்த மூன்றில் நடுவில் உள்ளது ஜெபல் அலிக்கு இன்னும் வந்து இறங்கவில்லை. கடைசியில் உள்ளது, நியாயமாகச் சொன்னால், அந்த இரண்டு மேசைகளுக்கு நடுவே இருந்தது.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் வசந்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். "மூணு மடங்கா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜெராரின் வீடு. கடலோரம் முப்பத்தொன்றாவது மாடி. சுத்தமாக இருந்தது. சாமி படம், பாரிஸ் படம், சுவரில் ஒரு சைக்கிள். நான் வருவேன் என்று முன்தினமே அவர் சமைத்திருந்தார். கோழியைத் திராட்சை மதுவில் ஊறவைத்து ஏதோ ஒரு பிரெஞ்சுச் சமையல். பக்கத்தில், எனக்காக, புளிச்சோறு. மாமா, கொஞ்சம் சாப்பிடுங்கோ என்றார். வயிறு சரியில்லை என்றேன். தண்ணீர் என்றார். தாகமில்லை என்றேன். காபி என்றார். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்றேன். வயிறு சரியில்லாத, தாகமில்லாத, காபி குடிக்கக்கூடாத ஒரு மனிதன் எதற்காகத் துபாய் வந்தான் என்று அவர் கேட்கவில்லை. சோபாவில் என் எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடாமல் இருந்துவிட்டார். விருந்தாளி பட்டினி கிடக்கும்போது தான் சாப்பிடுவது ஒருமாதிரி இருக்கிறதாம். இரண்டு பேரும் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் அவருடைய படிப்பைப் பற்றிப் பேசினோம். எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் புளிச்சோற்றின் மணமும் ஒரு காரணம்.

சனிக்கிழமை அபுதாபிக்குப் புறப்பட்டோம். அங்கே கடலுக்குப் பக்கத்தில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பாரிஸிலுள்ள ஒன்றின் பெயரைக் குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் வணிகத்தில் இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன். துணி கெட்டுப்போகும், சீஸ் கெட்டுப்போகும். பெயரை ஏற்றுமதி செய்தால் கிடங்கே வேண்டியதில்லை.

ஜெராரின் கார் பழுதுக்குப் போயிருந்ததால் சீஸ் வண்டியில்தான் போனோம். முன்னால் குமரவேல் ஓட்ட, நான் நடுவில், ஜெரார் சன்னலோரம். பாதி வழியில் பின்சக்கரம் வெடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினார் குமரவேல். இரண்டு பக்கமும் மணல், நடுவில் நாங்கள், பக்கத்தில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஜெரார் தொலைபேசியை எடுத்து உதவி வண்டி நிறுவனத்தோடு ஆங்கிலத்தில் பேசினார், பிறகு பிரெஞ்சில் பேசினார். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். குமரவேல் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டு ஜாக்கியைப் போட்டிருந்தார். ஜெரார் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மணலில் மண்டியிட்டு நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு நட்டு வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒருவர் பிரெஞ்சில் திட்டினார், ஒருவர் நிரவித் தமிழில் திட்டினார். அது நிரவித் தமிழுக்குத்தான் வந்தது.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது அப்போதுதான். காலையிலும் அவசரமாகக் கிளம்பியதில் ஒன்றும் சாப்பிடவில்லை. பட்டினியையும் கௌரவத்தையும் சேர்த்து அந்த வெயில் தாங்கவில்லை. வண்டியின் மீது சாய்ந்தேன், சறுக்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, ஜெரார் கிரீஸ் கையால் என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். மலைப் படம் போட்ட அந்தப் பாட்டில். நான் பாதிப் பாட்டிலைக் குடித்தேன். பிறகு, அவர் அம்மா அனுப்பிய பிஸ்கோத்து என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அதையும் முழுசாகச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை கையால் மாப்பிள்ளை வீட்டுப் பண்டம். சாலையோரத்தில் கை நனைத்தாகிவிட்டது.

அருங்காட்சியகத்தில் குளிர் இருந்தது, உட்கார இடம் இருந்தது. குதிரைமேல் பிரெஞ்சுத் தளபதிகள், பொடி போட்ட தலைமயிர்ச் சீமாட்டிகள் எல்லோரையும் பார்த்தேன். ஒரு திருப்பத்தில் நம்மூர்ப் பக்கத்துச் செப்புச் சிலை ஒன்று நின்றது. யோசிக்காமல் கை கூப்பிவிட்டேன். செருப்பையும் பாதி கழற்றிவிட்டேன். காவலர் பார்த்ததும் மறுபடி போட்டுக்கொண்டேன். இங்கே சுவாமிக்கும் விசா கிடைத்திருக்கிறது என்று குமரவேல் சொன்னார். அவர் இன்னும் சுற்றிப் பார்க்கப் போனார். நானும் ஜெராரும் கடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கிரீஸ் படிந்த அவர் சட்டையைப் பார்த்து, இந்தக் கோலத்தில் போனால் உங்கள் கட்டடத்துக் காவலர் உள்ளே விடமாட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டை வெள்ளையாக இருந்தாலும் புதுக் காவலர் வந்தால் நிறுத்துவார் என்றார். கூலியாள் என்று நினைத்து, எந்த கேம்ப், சர்வீஸ் லிப்ட் அந்தப் பக்கம் பாய் என்பார்களாம். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். வாசலுக்கு வரும்போது தொலைபேசியைக் காதில் வைத்துச் சத்தமாகப் பிரெஞ்சில் பேசிக்கொண்டே வருவார். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். கதவு திறந்துவிடும்.

பாரிஸில் இந்தத் தொந்தரவு இருக்காதே என்றேன்.

"அங்க பிரெஞ்சில கதைச்சாலும் பொலிஸ் காகிதம் கேக்கும் மாமா. நான் அங்க பிறந்தனான். ஆனா எந்த ஊர் எண்டு கேக்காமல் ஒரு நாளும் போகேல்ல. இஞ்ச வந்தாப்பிறகுதான் என்னைப் பிரெஞ்சுக்காரன் எண்டு சொல்லுகினம். அதுவும் சம்பளச் சீட்டில மட்டும்."

பிறகு அவர், உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லோணும் என்றார். அடுத்த வருஷம் இந்த வேலையை விட்டுவிடப் போகிறார். பாரிஸுக்கும் போகவில்லை.

"எனக்குப் பாண்டிச்சேரியில இருக்க விருப்பம். வந்து பாத்திட்டுப் போறதுக்கில்ல மாமா. இருக்கிறதுக்கு."

வில்லியனூர்ப் பக்கம் பால் வாங்கிச் சீஸ் செய்யலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெரிதாக வேண்டாம், ஒரு சின்னக் கிடங்கு. குமரவேல் வந்தால் அவருக்குப் பாதிப் பங்கு. சைக்கிளில் கடற்கரைக்குப் போகலாம். வசந்தா இந்த வரனைத் தேடியது மகளைப் பிரான்ஸுக்கு அனுப்ப. பிரான்ஸோ முத்தியால்பேட்டைக்கு வாடகைக்கு வீடு தேடி வரப்போகிறது.

நான் அப்போது சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"தம்பி, இத இப்போதைக்கு எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"கலியாணத்துக்குப் பிறகு சொல்லுறதோ?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் என்னை உறைய வைத்தது. குமரவேல் திரும்பி வந்து, கேன்டீனில் ஒரு சின்ன ரொட்டிக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்ததும் இருவரும் எழுந்துவிட்டோம்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் என்ன? பையன் நல்லவன். கல்யாணம் ஆனபின் மனது மாறலாம், பாரிஸ் அம்மா மாற்றலாம். என் அப்பா செய்ததற்கு நான் பரிகாரம் செய்ய ஒரு வாய்ப்பு. இப்படி எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சக்கரத்தடியில் மண்டியிட்ட அந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்து வந்து போனது. அவர் என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கச் சொன்னது நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறையில் மற்ற நால்வரும் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் யாழினியை அழைத்தேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை, கிளினிக்கில் இருக்கிறேன் என்றாள். பையனைப் பற்றி நல்லதெல்லாம் சொன்னேன். புளிச்சோற்றைச் சொன்னேன், சக்கரத்தைச் சொன்னேன். பிறகு மற்றதைச் சொன்னேன். அவர் பிரான்ஸுக்குப் போகிற ஆள் இல்லையம்மா, இங்கே வந்து உட்காரப் போகிறவர், துபாய்ச் சம்பளமும் இருக்காது, யோசித்துக்கொள். அவரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டதையும் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் அவள் யாரோ ஒரு நோயாளியிடம், காலை நீட்டுங்க, விடாம நீட்டுங்க என்று சொல்வது கேட்டது. பிறகு வந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா. மொத வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கும்மா என்னை இவ்ளோ தூரம் அனுப்பின?"

"அம்மா பாஸ்போர்ட்ட மட்டுந்தான் பாக்குறாங்க. நீங்க ஆளப் பாப்பீங்களான்னு தெரியணும். நீங்களும் மறைச்சிருந்தா இந்த வீட்ல நான் யாரத்தான் கேக்குறது?"

எனக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு யாரும் பரீட்சை வைத்துப் பல வருஷம் ஆகிறது. எல்லைக்கோட்டில் தேறியிருக்கிறேன் என்பது புரிந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். தன் கிளினிக்கை விட்டு எங்கும் போக வேண்டாம் என்று சொன்ன முதல் மாப்பிள்ளை அவர்தான் என்றாள். மற்றவர்கள் எல்லோரும் இந்தப் படிப்பை அந்த நாட்டில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார்களாம்.

விமான நிலையத்துக்கு ஜெராரே கொண்டுவிட்டார். உள்ளே போகுமுன், ஊருக்கு வரும்போது சீஸ் கொண்டுவர வேண்டாம், எங்கள் தெருவில் சண்டை வந்துவிடும் என்றேன். ஓம் மாமா என்றார்.

ஊர் திரும்பி நான் எல்லாவற்றையும் சொன்னதும் வசந்தா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. ஊரில் உட்காரப்போகிற ஆளுக்கு எதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அதை வேறு யாருக்காவது கொடுக்கலாமே என்று எதிர்வீட்டில் புலம்பியதாகக் கேள்வி. நான்காம் நாள் வந்தாள். காபி போடச் சொன்னாள். "பொறக்கப்போற புள்ளைக்காவது அது வருமில்ல?" என்று கேட்டாள். வரும் என்றேன். அப்படியானால் சரி என்று தேதி பார்க்கப் போய்விட்டாள்.

ஜெரார் தன் இடத்துக்குக் குமரவேலை நியமிக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதினார். ஆனால் பிரான்ஸிலிருந்து படிப்பு முடித்த புது ஆள் ஒருவரை இறக்கினார்கள். அவருக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டுவதும், எந்த அழுகல் நல்லது எந்த அழுகல் கெட்டது என்று சொல்லித் தருவதும் குமரவேல்தான். இதை அவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது நான்தான் கோபப்பட்டேன். "ஆளு நல்லவருதான் சார். மூக்குதான் இன்னும் பழகல" என்றார். தன் தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டு வில்லியனூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரவேண்டும். அந்த மூக்கு அங்கே வீணாகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் பெண் எடுத்தால், அந்தப் பெண் காகிதத்துக்காகக் கல்யாணம் பண்ணவில்லை என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். இருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாழினி போய் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. ஜெரார் எழுந்து இரண்டு முறை கதவுவரை போய் வந்தார்.

கடைசியில் வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன். அதிகாரி ஓர் அம்மாளாம். முதல் அரை மணி நேரம், இவள் பிரான்ஸுக்குப் போவதற்காகத்தான் இந்தக் கல்யாணம் என்று சந்தேகப்பட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார். எந்த ஊரில் குடியிருப்பீர்கள் என்றதற்கு முத்தியால்பேட்டை என்றிருக்கிறாள். பிரான்ஸில் எந்த ஊர் என்றதற்குப் பிரான்ஸுக்கே போவதில்லை என்றிருக்கிறாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். சந்தேகம் போய்விட்டது, மனத்தாங்கல் வந்துவிட்டது. பிரான்ஸில் அப்படி என்ன குறை கண்டாய் என்று அடுத்த கால் மணி நேரம் கேட்டிருக்கிறார். அருங்காட்சியகம் உண்டு, ரயில் உண்டு, இலவச மருத்துவம் உண்டு, வசந்தகாலம் உண்டு.

"நீ என்னம்மா சொன்ன?"

"நல்ல ஊருதான் மேடம், ஒரு தடவ வந்து பாத்துட்டுத் திரும்பிடுவோம்னு சொன்னேன் மாமா. ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாங்க."